வண்டி நின்றால் சூடு ஏறும்: கோடையில் கறிக்கோழி ஏற்றிச் செல்வது

கோடையில் லோடு இறக்கும்போது செத்த கோழிகளை எண்ணிவிட்டு, "வெயில் தாங்கவில்லை" என்று கணக்கை முடித்துவிடுவது வழக்கம். வெயில் ஒரு பங்குதான். பெரும்பங்கு கோழியின் உடம்புக்குள்ளிருந்தே வருகிறது. 2 கிலோ எடையுள்ள கறிக்கோழி சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுமார் 10 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 2,000 கோழி ஏறிய வண்டியில் அது 20 கிலோவாட். ஆயிரம் வாட் ஹீட்டர் இருபதைப் பெட்டிகளுக்கு நடுவே சொருகி எரியவிட்டால் எவ்வளவு சூடோ அவ்வளவு. நள்ளிரவில் வெயிலே இல்லாமல் கோழி சாவது இதனால்தான்.

இந்தச் சூடு வெளியே போக வழியில்லை என்றால் என்ன ஆகும்? கோழியின் உடம்பில் ஒரு கிலோ எடை ஒரு டிகிரி சூடேற 3.4 கிலோஜூல் அளவு வெப்பம் போதும். அந்தக் கணக்கில் 2 கிலோ கோழியின் உடல் சூடு 11 நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் ஏறும். இயல்பான உடல் சூடு 41 முதல் 41.5 டிகிரி. 46, 47 டிகிரியைத் தொட்டால் பிழைக்காது. அதாவது முழுக்க அடைபட்ட கோழிக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான். எந்த வண்டியும் அப்படி முழுக்க அடைபடுவதில்லை என்பதால் நடைமுறையில் இதைவிட நேரம் கிடைக்கும். ஆனால் பகல் முழுதும் கொட்டகையில் வெந்து, பிடிக்கும்போது துடித்து, 43 அல்லது 44 டிகிரியோடு பெட்டிக்குள் போன கோழிக்கு மிச்சமிருக்கும் வரம்பு மூன்று டிகிரிதான். இதே கணக்கில் அது அரை மணி நேரம்.

வெயில் காலத்தில் கோழி ஏற்றும் ஒவ்வொரு வேலையையும் இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கோழி உண்டாக்கும் சூட்டை எவ்வளவு குறைக்கலாம், மிச்சத்தைக் காற்று எப்படி வாரிக்கொண்டு போகும் என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மூச்சிரைப்பும் ஈரப்பதமும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொட்டகையில் இருக்கும்போது இறக்கையை அகட்டி நிற்கும், குளிர்ந்த தரையில் படுக்கும், கொண்டை, தாடி, கால் வழியாகச் சூட்டை விடும். பெட்டிக்குள் நெருக்கி அடைத்த பிறகு இறக்கையை விரிக்க இடமில்லை. இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருப்பதும் அதே சூட்டோடு இருக்கும் கோழிதான். மிஞ்சுவது மூச்சிரைப்பு ஒன்று. நிமிடத்துக்கு 25, 30 என்றிருந்த மூச்சு 150-ஐத் தாண்டும். தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் ஆவியாகி, ஒரு கிராம் நீருக்கு 2.4 கிலோஜூல் வீதம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

பெட்டிக்குள் காற்று உடல் சூட்டை நெருங்கிவிட்டால் அந்த 10 வாட்டும் ஆவியாக மட்டுமே போக முடியும். அதற்கு ஒரு கோழி மணிக்கு 15 கிராம் நீரை இழக்க வேண்டும். 5 மணி நேரப் பயணத்தில் 75 கிராம், உடல் எடையில் 4 சதவீதத்துக்குச் சற்றே குறைவு. கோடையில் எடைமேடையில் குறையும் எடையில் பெரும்பகுதி இந்த நீர்தான். மூச்சிரைப்பும் தசைகள் செய்யும் வேலை என்பதால் அதுவே கொஞ்சம் சூட்டைக் கூட்டும். கூடவே இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ள, பொட்டாசியமும் சேர்ந்து போகிறது. நீண்ட நேரம் இரைத்த கோழி துவண்டு விழுவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஈரப்பதத்தைக் கவனிக்காதவர்கள் தவறு செய்யும் இடம் இது. 41 டிகிரியில் நீராவி நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 54 கிராம் நீர் இருக்கும். கோழியின் மூச்சு ஏறத்தாழ அப்படித்தான் வெளியே வருகிறது. உள்ளே இழுக்கும் காற்று 35 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்றால் அதில் ஏற்கெனவே 16 கிராம் உண்டு. ஆகவே ஒவ்வொரு கனமீட்டரும் 38 கிராம் நீரை எடுத்துச் செல்லும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமானால் காற்றில் 32 கிராம் இருக்கும், எடுத்துச் செல்வது 22 கிராம். வெப்பமானி ஒரே எண்ணைத்தான் காட்டும். கோழியோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் இரைக்க வேண்டியிருக்கும்.

2,000 கோழிகள் மணிக்கு 15 கிராம் வீதம் விடும் ஆவி 30 லிட்டர் நீருக்குச் சமம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே வறண்ட காற்று அடித்தாலும், காற்றோட்டம் இல்லாத பெட்டி அடுக்கின் நடுவே ஈரம் தானாகவே தேங்கும். வண்டிக்குள் வெப்பமானி வைத்தால் ஈரப்பதம் காட்டும் கருவியையும் சேர்த்தே வையுங்கள். வெளிப்பக்கக் கம்பியில் தொங்கும் கருவி சாலையின் வெப்பத்தைத்தான் சொல்லும். அது இருக்க வேண்டியது நடு அடுக்கில், கோழியின் தலை உயரத்தில்.

தண்ணீர் தெளிப்பது பற்றி

"நன்றாக நனைத்து அனுப்பினால் சரியாகிவிடும்" என்பது பாதி உண்மை. வறண்ட காற்றில், ஏற்றி முடித்தவுடன் கிளம்பப்போகும் வண்டியில், கோழியின் தலையும் மேல் இறகும் நனையும்படி லேசாகத் தெளிப்பது நல்லது. ஓடும் காற்றில் அந்த நீர் ஆவியாகும்போது சூடு இறங்கும். காற்றே இல்லாமல் நிற்கும் வண்டியில், அதுவும் புழுக்கமான நாளில், நனைப்பது ஆபத்து. ஆவியாக முடியாத நீர் பெட்டிக்குள் ஈரப்பதத்தை ஏற்றி, கோழிக்கு மிச்சமிருந்த ஒரே வழியான மூச்சிரைப்பையும் அடைத்துவிடும். மேல் அடுக்கிலிருந்து எச்சத்தோடு சேர்ந்து வடியும் நீர் கீழ்ப் பெட்டிகளைச் சேறாக்கும். விசிறி ஓடினால், அல்லது வண்டி உடனே கிளம்பினால் மட்டும் தண்ணீர். இந்த விதியில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

ஏற்றுவதற்கு முந்தைய பகல்

லோடு இரவு 11 மணிக்கு என்றால் வேலை அன்று காலையிலேயே தொடங்குகிறது. பிற்பகல் வெயிலில் கோழி தீவனம் எடுக்காது. மாலை குளிர்ந்ததும் ஒரேயடியாகத் தின்னும். தின்ற தீவனம் செரிக்கும்போது எழும் சூடு நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆக மாலை 7 மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழி, சரியாகப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் நேரத்தில் கூடுதல் சூட்டை உண்டாக்கும்.

தீவனம் நிறுத்தியதிலிருந்து அறுவை வரை மொத்தம் 8 முதல் 12 மணி நேரம் என்பது பொதுவான அளவு. கோடையில் இதன் மேல் எல்லையை ஒட்டிப் போவது நல்லது. காலை 6 மணிக்கு அறுவை என்றால் முதல் நாள் மாலை 6:30-க்குத் தீவனத் தட்டுகளை மேலே தூக்கிவிடலாம். அன்றைய தீவனத்தில் பெரும்பகுதியை விடிகாலையிலேயே கொடுத்துவிட்டு, பிற்பகலில் தட்டை உயர்த்தி வைப்பது மாலைப் பெருந்தீனியைத் தடுக்கும். 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குடல் சுவர் மெலிந்து, குடலை எடுக்கும்போது கிழியும், பித்தநீர் கசிந்து இறைச்சி கெடும். பசியில் கோழி தரைக் கூளத்தையும் கொத்தித் தின்னத் தொடங்கும்.

தண்ணீரை மட்டும் பிடிக்கத் தொடங்கும் நிமிடம் வரை எடுக்கக் கூடாது. தொட்டியும் குழாயும் வெயிலில் கிடந்தால் நிப்பிளில் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனையில்) வருவது வெந்நீர். கோழி அதைக் குடிக்காது. பிற்பகலில் இரண்டு மூன்று முறை குழாயின் கடைமுனையைத் திறந்து தேங்கிய நீரை ஓடவிட்டு, கையில் பட்டால் குளிர்ச்சி தெரியும் நீர் வரும்வரை விட வேண்டும்.

எலக்ட்ரோலைட் (தண்ணீரில் கலக்கும் உப்புச்சத்துக் கலவை), வைட்டமின் சி போன்றவை உதவும், முந்தைய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால். அதன் முக்கியமான பலன் கோழியைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைப்பது. உறையில் போட்டிருக்கும் அளவை மீறினால் எச்சம் நீராகி, பெட்டிகள் நனைந்து, ஈரப்பதம் ஏறும். பெட்டி ஏற்றும் நேரத்தில் அவசரமாகக் கலப்பதால் பயனில்லை. மருந்து எதுவானாலும் அறுவைக்கு முன் நிறுத்த வேண்டிய நாட்கள் இருப்பதால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பிடிப்பது

துடிக்கும் கோழி சூடாகும். பிடிக்கும்போது அது எவ்வளவு குறைவாகத் துடிக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சியாக வண்டி ஏறும். விளக்கை மங்கலாக்குங்கள், நீல விளக்கு இருந்தால் அதைப் போடுங்கள். நீல வெளிச்சத்தில் கோழிக்குப் பார்வை மங்குவதால் மிரளாது. 150, 200 கோழிகளாகத் தடுப்பு போட்டுப் பிரித்துக்கொண்டால் மூலையில் ஏறி நெரிபட்டுச் சாவது நிற்கும். பிடிக்கும் இடத்தில் தூசு பறக்கிறது என்று விசிறியை நிறுத்துவார்கள். கொட்டகையில் மிச்சமிருக்கும் கோழிகளுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

இரண்டு கையால் இறக்கையை அணைத்து நிமிர்த்தித் தூக்குவது சிறந்தது. காலைப் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு காலையும் சேர்த்து, ஒரு கையில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒற்றைக் காலில் தூக்கினால் இடுப்பு மூட்டு கழன்று உள்ளே இரத்தம் கசியும். தலைகீழாகத் தொங்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும். கோழிக்கு உதரவிதானம் கிடையாது. தலைகீழானதும் குடலும் ஈரலும் காற்றுப்பைகள் மேல் சரிந்து அழுத்தும். ஏற்கெனவே இரைத்துக்கொண்டிருக்கும் கோழிக்கு அந்த ஒரு நிமிடம் மூச்சே திணறும்.

பெட்டிக்கு எத்தனை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு போக்குவரத்து விதியில் 1.6 கிலோ முதல் 3 கிலோ வரையுள்ள கோழிக்கு ஒரு கிலோ எடைக்கு 160 சதுர செ.மீ. இடம் என்பது குறைந்தபட்ச அளவு. இதைக் கணக்குக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். உள்ளளவு 80-க்கு 50 செ.மீ. உள்ள பெட்டியின் தரை 4,000 சதுர செ.மீ. 2 கிலோ கோழிக்கு 320 வேண்டும் என்பதால் 12 கோழி. இது சாதாரண நாளுக்கு. வெயில் நாளில் 10 கோழியோடு நிறுத்துவதுதான் சரி. 2.5 கிலோ கோழி என்றால் சாதாரண நாளிலேயே 10, வெயிலில் 8.

எண்ணிக்கையால் கணக்குப் போடுகிறவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். கோழி பெரிதாகப் பெரிதாக எடைக்கேற்ற அளவு தோல் பரப்பு கூடுவதில்லை. அதனால் சூட்டை வெளியே விடுவது கனத்த கோழிக்குத்தான் கஷ்டம். ஒரே லோடில் பல எடைகள் இருந்தால் முதலில் சாவது கனமானவை. பெட்டியின் உயரமும் முக்கியம். உட்கார்ந்த நிலையில் கழுத்தை நிமிர்த்தி வாய் திறந்து இரைக்க இடம் இருக்க வேண்டும். மேல் பெட்டியின் அடிப்பலகை தலையில் இடித்தால் அந்தப் பெட்டி அந்தக் கோழிக்குச் சிறியது.

அடுக்குவதும் அந்த முன்வரிசையும்

20 கிலோவாட்டில் பாதி ஆவியாகப் போனாலும் மீதி 10 கிலோவாட் காற்றைச் சூடாக்கும். உள்ளே வெப்பம் வெளியைவிட 3 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க, மணிக்குச் சுமார் 10,000 கனமீட்டர் காற்று பெட்டிகளின் ஊடே கடக்க வேண்டும். ஓடும் வண்டியில் இது எளிது, காற்றுக்கு வழி விட்டிருந்தால். பெட்டிகளைச் சுவர் போல ஒட்டி அடுக்கினால் காற்று வெளிப்பக்கத்தைத் தடவிவிட்டுப் போய்விடும். வரிசைகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு முன்பின்னாக இடைவெளி விடுங்கள். ஓட்டுநர் அறையை ஒட்டியும் அதே அளவு விடுங்கள். மிகவும் சூடான நாளில் நடு வரிசையையே காலியாக விட்டுவிடலாம். மேலே வெள்ளைத் தார்ப்பாய் கட்டினால் பெட்டியின் மேல் படியாமல் ஓர் அடியாவது உயரத்தில் நிற்கட்டும். பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய் வண்டியை அடுப்பாக்கும்.

வண்டி ஓடும்போது காற்று முன்னிருந்து பின்னாகப் போகும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். 1990-களில் பிரிட்டனில் மிட்செல், கெட்டில்வெல் ஆகிய ஆய்வாளர்கள் கோழி வண்டிகளில் அளந்து பார்த்தபோது வேறு விதமாக இருந்தது. பக்கம் மூடிய வண்டி ஓடும்போது அதன் முன்பகுதிப் பக்கங்களில் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் காற்று பின்பக்கமாக நுழைந்து, வண்டி போகும் திசையிலேயே உள்ளே நகர்ந்து, முன்பக்கத்தில் வெளியேறுகிறது. வழியெல்லாம் கோழிகளின் சூட்டையும் ஈரத்தையும் சுமந்துகொண்டு கடைசியாக வந்து சேரும் இடம் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உள்ள பெட்டிகள். வண்டியின் வெப்பக் கரு அங்கேதான்.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. பெட்டி ஏற்றும்போது முதலில் நிரம்புவதும் அதே முன்வரிசைதான். கடைசிப் பெட்டி ஏறும்வரை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அசையாத காற்றில் அவை காத்திருக்கின்றன. வண்டி கிளம்பிய பிறகு மோசமான காற்றும் அவற்றுக்கே. ஆகவே ஏற்றத் தொடங்கியதுமே அந்தப் பக்கம் பார்த்து ஒரு பெரிய விசிறியை ஓடவிடுங்கள். முன் இரண்டு வரிசைகளின் நடுப் பெட்டிகளில் மற்றவற்றைவிட இரண்டு கோழி குறைவாகப் போடுங்கள். செலவில்லாத மாற்றங்களில் இதைவிடப் பலன் தருவது இல்லை என்றே சொல்வேன்.

சாலையில்

டீசல், காற்று, ஓட்டுநரின் சாப்பாடு, காகிதங்கள் எல்லாம் கோழி ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசிப் பெட்டி ஏறியதும் கயிறு இறுக்கிக் கிளம்ப வேண்டியதுதான். நெரிசலான வழி பத்துக் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும், சுற்றிப் போகும் தடையில்லாத வழி மேல்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நிழலில், வண்டியின் அகலப் பக்கம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்தவும். மதிலை ஒட்டியோ இன்னொரு லாரியை ஒட்டியோ நிறுத்தினால் இருக்கிற காற்றும் போய்விடும். பழுது என்றால் மாற்று வண்டிக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தகவல் போக வேண்டும். "அரை மணியில் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. காத்திருக்கும் நேரத்தில் வெளிப்பக்கப் பெட்டிகளைக் கீழே நிழலில் இறக்கிப் பரப்பினால் உள்ளே காற்றுக்கு வழி பிறக்கும்.

கோழி சொல்வதையும் கேட்க வேண்டும். வாய் திறந்து சீராக இரைத்துக்கொண்டிருந்தால் இன்னும் சமாளிக்கிறது. கழுத்தை முன்னே நீட்டி, கண் செருகி, கொண்டை நீலம் பாய்ந்தால் நேரம் குறைவு. எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது சத்தம் அடங்கிய பெட்டி. அமைதியாகத் தூங்குகிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கையை விட்டுப் பாருங்கள். மார்பு கொதிக்கும், தலை கையில் துவளும்.

இறக்கும் இடத்தில் காத்திருப்பு

நல்லபடியாக வந்து சேர்ந்த லோடு வாசலில் சாவதும் உண்டு. ஓடிய வண்டி நின்றதும் காற்று நிற்கிறது, 20 கிலோவாட் மட்டும் நிற்பதில்லை. காத்திருப்பை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குவதுபோல வண்டிகளின் வருகை நேரத்தை இடைவெளி விட்டுப் பிரிக்க வேண்டும். கூரை நிழலும் பக்கவாட்டு விசிறிகளும் தயாராக இருக்கட்டும். விசிறிகள் ஒரு பக்கத்திலிருந்து ஊதி மறுபக்கம் வெளியேற வேண்டும். எதிரெதிரே வைத்தால் இரண்டு காற்றும் நடுவில் முட்டி நின்று, நடுப் பெட்டிகள் அப்படியே புழுங்கும். வரிசைப்படி மட்டும் இறக்காமல், எந்த வண்டியில் கோழி அதிகம் தவிக்கிறதோ அதை முன்னே விடுவதற்கு ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். உயிரோடு வந்தாலும் அறுவைக்கு முன் கடுமையாகச் சூடுபட்ட கோழியின் இறைச்சி வெளிறி, மிருதுவாகி, நீர் கக்கும்.

முதிர்ந்த முட்டைக்கோழிகளை ஏற்றும்போது வேறொரு கவலையும் சேரும். முட்டைக்குச் சுண்ணாம்பைக் கொடுத்துக் கொடுத்து எலும்பு நொறுங்கும் நிலையில் இருக்கும். வேகமாகக் கூண்டிலிருந்து இழுத்தால் முறியும். ஒருநாள் குஞ்சுகளின் கணக்கோ தனி. ஆசனவாய் வெப்பம் 39.4 முதல் 40.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குஞ்சு வாய் திறந்து இரைத்தால் பெட்டி சூடாகிவிட்டது, ஒன்றோடொன்று ஒட்டி முடங்கினால் குளிர்கிறது.

செத்தவை சொல்லும் செய்தி

இறக்கும்போது செத்தவற்றை எண்ணுவதோடு நிற்காமல், பெட்டி அடுக்கின் படத்தை ஒரு தாளில் கட்டம் போட்டு வரைந்து, செத்த கோழி எந்தக் கட்டத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் செத்த கோழி சீக்கிரமே விறைக்கும். தோலை உரித்தால் மார்புச் சதை வெந்ததுபோல வெளிறியிருக்கும். குறிகள் முன்பக்க நடுவில் குவிந்தால் காற்று போகவில்லை. எல்லாக் கட்டத்திலும் சிதறி, இடுப்பருகே இரத்தக் கட்டும் இருந்தால் பிடித்த விதத்தில் தவறு. அப்படி எதுவும் இல்லாமல் வயிற்றில் நீர் கோத்த கோழிகளாக இருந்தால், ஏற்றும் முன்பே பண்ணையில் கழித்திருக்க வேண்டியவை அவை. அடுத்த லோடு ஏற்றும்போது அந்தத் தாளை ஏற்றுகிறவர்கள் கையில் கொடுத்து, குறி விழுந்த கட்டங்களில் இரண்டு கோழி குறைத்துப் போடச் சொல்லுங்கள்.